ஜூலை விடுமுறைக்கு வெளிநாடு: பழைய நகரமும் வேண்டும், நல்ல கடலோரமும் வேண்டும், எங்கே போகலாம்?

ரோஸ்ஹில்_டோடோ

வணக்கம். இங்கே மொரிஷியஸில் ஜூலையில் வரும் பள்ளிக் குளிர்கால விடுமுறையில் குடும்பத்தோடு வெளிநாடு போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, பதின்ம வயதில் ஒரு மகன், ஒரு மகள், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம் வேறு. சொந்தக்காரர்கள் எல்லோரும் துபாய்க்குப் போ, சிங்கப்பூருக்குப் போ என்கிறார்கள், ஆனால் கடைத்தெருவும் உயரமான கட்டடங்களும் பார்க்கவா இவ்வளவு செலவு செய்து போவது? மகனுக்குக் கோட்டை, போர், கப்பல் என்றால் பித்து. மகளுக்கு நல்ல படம் எடுக்க இடம் வேண்டும். அதனால் மதில் சூழ்ந்த பழைய நகரம் ஒன்றும் அழகான கடலோரம் ஒன்றும் ஒரே பயணத்தில் கிடைத்தால் போதும்.

இப்போதைக்குப் பட்டியலில் இருப்பவை குரோஷியாவில் துப்ரோவ்னிக், இத்தாலியில் அமால்ஃபி, போர்ச்சுகலில் லிஸ்பன். மூன்றையும் இரண்டு வாரத்துக்குள் அடக்க முடியுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கிரிகிரி_அலை

மூன்றும் வேண்டாம், ஒன்றை எடுங்கள். அம்மாவை வைத்துக்கொண்டு மூன்று நாடு மாறினால் விமான நிலையத்தைத்தான் பார்ப்பீர்கள்.

இன்னொன்று, மொரிஷியஸ்காரர்கள் வெளிநாட்டுக் கடலோரம் தேடும்போது மணலைத் தேடக் கூடாது என்பது என் கட்சி. நம் பெல் மார் மாதிரி வெள்ளை மணலும் வெதுவெதுப்பான தண்ணீரும் ஐரோப்பாவில் எங்கே கிடைக்கும்? துப்ரோவ்னிக்கில் கூழாங்கல், அமால்ஃபியிலும் பெரும்பாலும் கூழாங்கல், அதிலும் நாற்காலிக்கு வாடகை. நம்மிடம் அதிகம் இல்லாதது செங்குத்துப் பாறைக் கரை. பவளப்பாறை அரண் விட்டுப்போன கிரி கிரியில் மட்டும் அலை நேராகப் பாறையில் மோதுவதைப் பார்க்கிறோம், அதற்கே ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு கூட்டம்! அந்த மாதிரிக் கரையைத் தேடிப் போங்கள்.

அதனால் உங்கள் பட்டியலில் இல்லாத ஓர் ஊரைச் சொல்கிறேன்: பிரான்ஸில் பிரிட்டனிக் கரையில் இருக்கும் செயிண்ட் மாலோ. உங்கள் மகனுக்கு என்றே கட்டியது போல இருக்கும். போர்ட் லூயிஸ் துறைமுகத்தைப் பார்த்தபடி சிலையாக நிற்கிறாரே லா பூர்தொனே, அவர் 1699இல் பிறந்த ஊர். 1735இல் இங்கே ஆளுநராக வந்து, பாண்டிச்சேரியிலிருந்து நம் ஆட்களைக் கைவினைஞர்களாக வரவழைத்துத் துறைமுகத்தைக் கட்டியவர். 1746இல் சென்னைக் கோட்டையைப் பிரிட்டிஷாரிடமிருந்து பிடித்தவரும் அவரே. நம் தீவிலிருந்து புறப்பட்டு ஆங்கிலேயக் கப்பல்களை மடக்கிய சூர்க்கூஃப் பிறந்ததும் அந்த ஊர்தான். 1800இல் வங்காள விரிகுடாவில் ‘கென்ட்’ என்ற பெரிய கப்பலை அவர் பிடித்த கதையை மகனிடம் முன்பே சொல்லி வையுங்கள், அங்கே மதிலோரத்தில் அவர் சிலை இருக்கிறது.

மதில் மேலேயே ஊரை முழுக்கச் சுற்றி வரலாம், இரண்டு கிலோமீட்டருக்குள்தான். ஒரு பக்கம் கூரைகள், மறுபக்கம் கடல். 1944 ஆகஸ்டில் குண்டுவீச்சில் உள்நகரத்தின் பெரும்பகுதி இடிந்துபோய், பழைய சாயலிலேயே திரும்பக் கட்டினார்கள். இதைச் சொன்னால் சிலர் ‘அப்போ அசல் இல்லையா’ என்று முகம் சுளிப்பார்கள், போய் நின்று பார்த்தால் அந்தப் பேச்சு வராது.

எல்லாவற்றையும் விட அங்கே பார்க்க வேண்டியது கடல் ஏறி இறங்குவது. நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் கூட வராது. அங்கே பெரிய ஏற்ற நாட்களில் 12 மீட்டருக்கு மேல். காலையில் தீவாக நின்ற கோட்டைக்கு மத்தியானம் மணலில் நடந்தே போகலாம். பக்கத்தில் ரான்ஸ் ஆற்று முகத்தில் அந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே மின்சாரம் எடுக்கிறார்கள், 1966 முதல் ஓடுகிறது, 240 மெகாவாட். அணைக்கு மேலேயே சாலை போகிறது.

விசா தொல்லை இல்லை, நம் பாஸ்போர்ட்டுக்குப் பிரான்ஸ், இத்தாலி உட்பட ஒரே விசா முறையில் இருக்கும் ஷெங்கன் நாடுகளில் 90 நாள் வரை அனுமதி (ஈடியாஸ் என்ற இணைய முன் அனுமதி வரப்போகிறது, சீட்டு எடுக்கும் முன் நிலவரம் பாருங்கள்). பாரிஸுக்கு இங்கிருந்து நேரடி விமானம். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயிலில் இரண்டரை மணிக்குள் ஊருக்குள் இறங்கிவிடலாம். பேச்சுக்குப் பிரெஞ்சு, அம்மா கூடக் கடைக்காரரோடு பேசிக்கொள்வார்.

பிச்சிப்பூ

அண்ணா சொன்னது எல்லாம் சரிதான், ஆனால் ஒன்றை மறைத்துவிட்டார். தண்ணீர் ஜில்லென்று இருக்கும்! ஜூலையிலும் 17, 18 டிகிரிதான். கூடவே தூறல், காற்று. பிள்ளைகள் நீந்த ஆசைப்பட்டால் முகம் தொங்கிப்போகும்.

டோடோ, அமால்ஃபியை ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். ஆனால் அமால்ஃபியிலோ பொசிதானோவிலோ தங்க வேண்டாம், சலெர்னோவில் தங்குங்கள். பொசிதானோ என்பது செங்குத்துச் சுவரில் ஒட்டிவைத்த ஊர், எங்கே போனாலும் படி, அம்மாவின் முழங்காலுக்கு ஆகவே ஆகாது. சலெர்னோ கரையோரம் சமதளம், மாலையில் அம்மா நிதானமாக நடக்கலாம். அங்கிருந்து அமால்ஃபிக்குப் படகில் அரை மணி, கொஞ்சம் கூடக் குறைய. பாறைக் கரையின் அழகு முழுக்கக் கடலிலிருந்து பார்க்கும்போதுதான் தெரியும். அந்த மலைச்சாலையில் கோடையில் பேருந்தில் நின்றுகொண்டு போவதை யாருக்கும் சொல்ல மாட்டேன், வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும். காரும் எடுக்காதீர்கள், நெரிசல் நாட்களில் வண்டி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்துத்தான் விடுகிறார்கள்.

வரலாறு வேண்டுமென்றால் ஒரு பக்கம் பொம்பெய், கி.பி. 79இல் வெசுவியஸ் சாம்பலில் புதைந்த நகரம், இன்னொரு பக்கம் பேஸ்தும், மூன்று கிரேக்கக் கோயில்கள் அப்படியே நிற்கின்றன. பொம்பெய் பெரியது, நிழல் கிடையாது, ஜூலையில் காலை திறந்த உடனே போய் மத்தியானத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். பேஸ்தும் சமதளம், கூட்டமும் குறைவு, அம்மாவுக்கு அதுவே போதும். சைவச் சாப்பாட்டுக்கு இத்தாலியில் கவலையே இல்லை.

துப்ரோவ்னிக் மதில் அருமைதான், 1,940 மீட்டர், கடலுக்கு நேர் மேலே. ஆனால் முழுக்கப் படி, கோடையில் மதில் ஏறும் சீட்டே ஒருவருக்கு 35, 40 யூரோ, கப்பல் வந்து நிற்கும் நாளில் தெருவில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும். அது மே மாதத்து ஊர். நம் பள்ளி விடுமுறைக்கு ஒத்து வராது.

ரோஸ்ஹில்_டோடோ

இருவருக்கும் நன்றி. துப்ரோவ்னிக்கை அடித்துவிட்டேன். லிஸ்பனைப் பற்றி யாரும் பேசவில்லையே?

பிச்சிப்பூ

லிஸ்பன் நல்ல ஊர், மேடு பள்ளம் அதிகம். ரொசியோ நிலையத்திலிருந்து அரண்மனைகள் இருக்கும் மலையூர் சிந்த்ராவுக்கு 40 நிமிட ரயில், காய்ஷ் தொ சொத்ரே நிலையத்திலிருந்து கடலோர ஊர் கஷ்காய்ஷுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஐரோப்பிய நிலப்பரப்பின் மேற்குக் கோடியான கபோ த ரோக்காவில் 140 மீட்டர் பாறை மேல் நிற்கலாம். மகளுக்குப் பிடிக்கும். 1755 நிலநடுக்கத்தில் கூரை போன கார்மோ மடத்தை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள், அதை மகன் பார்க்கட்டும். தண்ணீர் அங்கேயும் குளிர்தான். 28ஆம் எண் டிராமில் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

போர்ட்லூயிஸ்_மாமி

தம்பி, எல்லோரும் ஐரோப்பாவையே சுற்றி வருகிறீர்கள். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா? அவர் காலமெல்லாம் காவடி எடுத்த குடும்பத்துப் பெண்ணாக இருப்பார், ஒரு கோயில் இல்லாமல் என்ன பயணம்?

திருகோணமலைக்குப் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் இலங்கையின் தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளிக்கும், காலி, மிரிஸ்ஸ பக்கம் சரிப்படாது, கிழக்கில் அந்த மாதங்கள்தான் கடல் அமைதி. கோணேசர் கோயில் பாறை உச்சியில், கீழே கடல் ஆழம், ஞானசம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள், அங்கேயே கோட்டை எழுந்தது, இன்று பிரெட்ரிக் கோட்டை என்கிறார்கள். கோயிலுக்கு அந்தக் கோட்டைக்குள் புகுந்துதான் போக வேண்டும். உங்கள் மகனின் கப்பல் கதையும் இருக்கிறது: 1782இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் திருகோணமலையைப் பிடித்தார், அந்தக் கடற்படைக்குத் தளம் நம் தீவு. நிலாவெளியில் பிள்ளைகள் வெதுவெதுப்பான தண்ணீரில் நீந்தட்டும். மூன்று வேளையும் இட்லி, இடியப்பம், சைவம். பேச்சும் தமிழ், நம் பிள்ளைகள் பள்ளியில் படித்த தமிழை வாய் திறந்து பேச ஒரு வாய்ப்பு. செலவு ஐரோப்பாவில் பாதி கூட வராது.

கொழும்பிலிருந்து சாலையில் ஐந்தாறு மணி நேரம் ஆகும், அது ஒன்றுதான் குறை. நடுவில் தம்புள்ளையில் ஓர் இரவு தங்கினால் அம்மாவுக்கு அலுப்பு தெரியாது.

கிரிகிரி_அலை

மாமி சொல்வதை மறுக்க வாய் வரவில்லை. பிள்ளைகள் நீந்துவதும் அம்மா கோயிலும் முக்கியம் என்றால் திருகோணமலை, மகனின் பித்துதான் முக்கியம் என்றால் செயிண்ட் மாலோ. சைவத்துக்கு அங்கே கலேத் என்ற கருப்புக் கோதுமை ரொட்டி இருக்கிறது, பன்றி இறைச்சி வேண்டாம், பாலாடைக்கட்டியும் காளானும் போதும் என்று சொல்லி வாங்க வேண்டும். தட்டு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

மதிலுக்கு ஏறப் படிகள் உண்டு, ஆனால் ஒரு முறை ஏறினால் மேலே பெரும்பாலும் சமம். அங்கிருந்து கடலோரப் பாறைத் தீவில் மடம் நிற்கும் மோன் சென் மிஷேல் போனால் அம்மாவை உச்சிவரை இழுக்காதீர்கள், மடத்துக்கு 350 படி. பாலத்தில் ஓடும் பேருந்தில் அடிவாரம் வரை வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

ரோஸ்ஹில்_டோடோ

வீட்டில் இதை உரக்கப் படித்தேன். அம்மா மாமியின் பக்கம், மகன் சூர்க்கூஃபின் பக்கம், மகள் கபோ த ரோக்கா படங்களைக் கைபேசியில் புரட்டிக்கொண்டிருக்கிறாள், மனைவி விலையைக் கேட்கிறாள். இந்த ஜூலையில் திருகோணமலை, அடுத்த வருடம் பிரான்ஸ் என்று பேச்சு போகிறது. மாமி, அம்மாவுக்குக் கோயில் வாசல் வரை ஆட்டோ போகுமா, இல்லை கோட்டை வாசலிலேயே இறக்கிவிடுவார்களா?

போர்ட்லூயிஸ்_மாமி

கோட்டைக்குள் வண்டி போகும், மேலே நிறுத்துமிடம் வரை விடுவார்கள், அப்புறம் கொஞ்சம் ஏற்றம், இரு பக்கமும் கடைகள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெயிலில் சுடும் கல்லில் நடக்க வேண்டியிருக்கும், அதனால் காலை பூசைக்கே போய்விடுங்கள். கோட்டையில் மான்கள் திரியும், கையில் பழப்பை இருந்தால் பின்னாலேயே வரும்.