பீரோ சாவி கையில், புத்தகம் உள்ளே

மூணாம் கிளாஸ் டீச்சர் (வடசென்னை):
தொடக்கப் பள்ளியில மூணாம் வகுப்பு எடுக்கிறேன். ஜூன்ல இருந்து நூலகமும் என் தலையில. நூலகம்னா எச்.எம். ரூம்ல ரெண்டு பீரோ. அரசுப் பள்ளிகளுக்கு வந்த வாசிப்பு இயக்கக் கதைப் புத்தகங்கள், பள்ளிக்கல்வித் துறையோட பழைய ஊஞ்சல் சிறார் இதழ்கள், யாரோ நன்கொடையா தந்த வங்கித் தேர்வு கைடு (அஞ்சாவது பிள்ளைக்கு!). "தொலைஞ்சா நீங்கதான் பதில் சொல்லணும்"னு சாவியைக் கொடுத்தாங்க. சாவி பத்திரமா இருக்கு, புத்தகமும் பத்திரமா இருக்கு. வாரம் ஒரு லைப்ரரி பீரியட்ல நான் நிஜமா என்ன செய்யணும்?

ஓய்வுபெற்ற நூலகர், திருவல்லிக்கேணி:
முதல்ல அந்த கைடை வெளியே எடுத்துடுங்கம்மா.

மாநிலக் கல்லூரியில கணக்கு வாத்தியாரா இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன்தான் 1924ல மெட்ராஸ் பல்கலைக்கழக நூலகர் ஆனார். வந்த புதுசுல பிடிக்காம, திரும்ப வகுப்புக்கே ஓடப் பார்த்த மனுஷன். 1931ல அவர் எழுதின ஐந்து விதிகள்ல முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. உங்க பீரோவுக்கு அதுவே போதும். அடுத்த ரெண்டுதான் உங்க வேலை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். பொது நூலகத்துல எங்களுக்கு வர்ற பிள்ளையோட பேர்கூடத் தெரியாது. எவன் இன்னும் எழுத்துக் கூட்டுறான், எவ ஒரே மூச்சுல முடிச்சுட்டு அடுத்தது கேக்குறான்னு உங்களுக்குத்தான் தெரியும்.

வாசிப்பு இயக்கப் புத்தகங்கள்ல எளிசுல இருந்து கஷ்டம் வரைக்கும் நுழை, நட, ஓடு, பறன்னு நிலை போட்டிருக்கே, அதை வகுப்புவாரியா பிரிக்காதீங்க. அஞ்சாவது பையனுக்கு 'நட' தேவைப்படலாம். எல்லார் முன்னாடியும் கொடுத்தா தொடமாட்டான். "தம்பிக்குப் படிச்சுக் காட்டுடா"ன்னு கொடுங்க, படிச்சே தீருவான்.

சைதாப்பேட்டை சார்:
வகுப்புல சணல் கயிறு கட்டி, துணி கிளிப்புல புத்தகத்தைத் தொங்கவிடுங்க மேடம். அட்டை தெரிஞ்சாத்தான் கை போகும். பதிவேட்டைப் பிள்ளைங்களே எழுதட்டும். நம்மளைவிடக் கறாரா இருப்பாங்க. கிழிஞ்சா ஒட்டிக்கலாம். ஒரு புத்தகமும் கிழியலைன்னாதான் எனக்குச் சந்தேகம் வரும்.

ஒரு அப்பா:
எல்லாம் சரி. 2009 கல்வி உரிமைச் சட்ட அட்டவணையில ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம், செய்தித்தாள், இதழ், கதைப் புத்தகம் எல்லாம் இருக்கணும்னு இருக்கு. நூலகர்னு ஒரு ஆள்? இல்ல. ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேர ஆசிரியர் உண்டு, அதுவும் ஆறாவதுக்கு மேல, நூறு பிள்ளைக்கு மேல இருந்தா. டீச்சர் தலையிலேயே இதையும் ஏத்திட்டு, கயிறு கட்டுங்கன்னு ஐடியா சொல்றோம்.

சைதாப்பேட்டை சார்:
நியாயம்தான் சார். போஸ்டிங் வர்றவரைக்கும் இந்தப் பசங்க மூணாவதுலயே நிக்கமாட்டாங்களே.

மூணாம் கிளாஸ் டீச்சர்:
ஐயா, தம்பி யோசனை பிடிச்சிருக்கு. ஆனா நான் நினைக்கிற பையன் வீட்ல அவன்தான் கடைக்குட்டி.

ஓய்வுபெற்ற நூலகர், திருவல்லிக்கேணி:
பாட்டி இருக்காங்களா பாருங்க. கண்ணாடி தொலைச்ச பாட்டின்னா ரொம்ப நல்லது.