எங்க ஊர் ஏரி விவரத்தை அரசு சைட்ல எப்படி தேடி எடுக்கறது?

கலவை விவசாயி
எல்லாருக்கும் வணக்கம். கலவை பக்கத்துல சின்ன கிராமம் எங்களுது. ஏரி உள்வாயில, அதாவது தண்ணி தேங்கற இடத்துல, ஆக்கிரமிப்பு வருசா வருசம் ஏறிக்கினே வருது, திங்கக்கிழமை குறைதீர்வு நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம்னு இருக்கோம். ஏரி பரப்பு, ஆயக்கட்டு (ஏரித் தண்ணி பாயற நிலம்) எல்லாம் போட்ட அரசு லிஸ்ட் ஏதாவது கூட வச்சா மனு நிக்கும்னு எங்க நைனா சொல்றாரு. மூணு நாளா தேடிக்கினு இருக்கேன், ஊர் பேரு போட்டு ஏரின்னு போட்டா மனை விற்பனை விளம்பரமும் டிரோன் வீடியோவும் தான் வருது, போதாததுக்கு இதே பேர்ல வேற ஜில்லாவுல இன்னொரு ஊரு வேற இருக்கு. ஒரு சைட்டோட உள்ள இருக்கற சர்ச் பாக்ஸ்லயும் போட்டேன், ஒண்ணும் வரல. ஒரு சைட்டுக்குள்ள இருக்கற பிடிஎஃப் மட்டும் தேட வழி இருக்குன்னாங்களே, அது இன்னான்னு விளக்கமா சொல்லுங்க. போன் மட்டும் தான் இருக்கு.

காட்பாடி ஜங்ஷன்
ப்ரோ, போனே போதும். இங்க தமிழ்ல எழுதறேன், நீங்க டைப் பண்றப்ப இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. கூகுள்ல முதல்ல சைட்னு அடிச்சு ஒட்டுனாப்புல முக்கால் புள்ளி, அதுக்கும் ஒட்டுனாப்புல சைட் அட்ரஸ், நடுவுல இடைவெளியே வரக்கூடாது. அதாவது சைட்:ராணிப்பேட்.நிக்.இன், அப்புறம் ஒரு இடம் விட்டு ஊர் பேரு. இப்ப அந்த ஒரு சைட்ல இருந்து மட்டும் தான் ரிசல்ட் வரும். சைட்:டிஎன்.கவ்.இன்னு போட்டா அதுக்குக் கீழ வர்ற துறை சைட் எல்லாத்தையும் சேத்தே தேடும், உங்களுக்கு இது தான் முக்கியம்.

பிடிஎஃப் மட்டும் வேணும்னா கூடவே ஃபைல்டைப்:பிடிஎஃப். ஊர் பேரு ரெண்டு வார்த்தைன்னா மேற்கோள் குறிக்குள்ள போடுங்க, இல்லாட்டி தனித்தனியா பிச்சு தேடிடும். வேண்டாத ஜில்லா பேருக்கு முன்னாடி மைனஸ் ஒட்டி வச்சீங்கன்னா அந்தப் பேரு வர்ற பக்கம் எல்லாம் கழிஞ்சிடும், ஆனா மாநிலம் முழுக்க ஒரே பிடிஎஃப்ல இருக்கற லிஸ்டும் சேந்து போயிடும், அதனால மைனஸை கடைசியா வச்சுக்கோங்க. ரெண்டுல ஒண்ணு இருந்தா போதும்னா நடுவுல ஆர் போடணும், அதாவது 'அல்லது'ங்கறதுக்கு இங்கிலீஷ் வார்த்தை, கேப்பிட்டல்ல தான், சின்ன எழுத்துல போட்டா சாதா வார்த்தையா எடுத்துக்கும்.

இன்னொண்ணு, கூகுள் ஏற்கனவே படிச்சு இண்டெக்ஸ் பண்ணி வச்சது மட்டும் தான் வரும். தாலுகா, கிராமம், சர்வே நம்பர்னு செலக்ட் பண்ணி உள்ள போற பக்கத்துல இருக்கறது இப்படி தேடுனா கிடைக்காது. ஏரியோட சர்வே நம்பர் தெரிஞ்சா தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் சைட்ல போய் அ-பதிவேடு, அதாவது கிராமத்து நிலப் பதிவேடு, பாருங்க, பரப்பும் அது எந்த வகை புறம்போக்குன்னும் அதுலயே இருக்கும்.

வாலாஜா வாத்தியார்
தம்பி, அவர் சொன்னது எல்லாம் சரி. ஆனா நீ எந்தப் பேரைப் போட்டு தேடறங்கறது தான் பெரிய விஷயம். ராணிப்பேட்டை ஜில்லாவே 2019ல தான் வந்தது, அதுக்கு முந்தின ஃபைல்ல உங்க ஊரு வேலூர் மாவட்டம். அதுக்கும் முன்னாடி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், 1989ல திருவண்ணாமலை பிரிஞ்சப்ப வச்ச பேரு. அதுக்கும் பின்னால போனா வெறும் வட ஆற்காடு, 1911ல சித்தூர் ஜில்லா தனியா போற வரைக்கும் தலைமையிடமே சித்தூர் தான். அதனால ராணிப்பேட்டைன்னு மட்டும் போட்டா பழைய லிஸ்ட் ஒண்ணும் மாட்டாது. மாவட்டப் பேரை எல்லாம் ஆர் போட்டு சேத்துக்கோ, தாலுகாவுக்கு கலவையோட ஆற்காடும் போடு.

ஸ்பெல்லிங்கும் பாத்துக்கோ. குடியாத்தத்துக்கு இப்ப ஹெச் போடறாங்க, பழசுல ரெண்டு டீ. வாலாஜாவுக்கு ஒரு எல், சில ஃபைல்ல ரெண்டு எல். உங்க ஊர் பேரையும் நாலு விதமா எழுதிப் பாரு. கூடவே ஆயக்கட்டுங்கற வார்த்தையை இங்கிலீஷ்ல போடு, அது வந்துட்டாலே மனை விளம்பரம் எல்லாம் ஒதுங்கிடும்.

ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா ஏரி நீர்வளத்துறை கையில, கம்மின்னா ஊராட்சி ஒன்றியம். எந்த சைட்ல தேடறதுன்னு அத வச்சு முடிவு பண்ணு, 2021க்கு முன்னாடி பொதுப்பணித்துறைன்னு தான் இருக்கும். ஏரி காப்பாத்தணும்னு நீங்க இறங்கினது மனசுக்கு நிறைவா இருக்கு தம்பி. இந்தப் பக்கம் பாலாத்துல தண்ணி வராத வருசம் ஏரியும் கிணறும் தான் சோறு போட்டது. பொதுப்பணித்துறை கையில இருந்த ஏரிங்க ஆக்கிரமிப்பை அகற்ற 2007ல தனிச் சட்டமே இருக்கு, உங்க ஏரி அந்த வகைன்னா மனுவுல அதையும் எழுது.

கலவை விவசாயி
ரொம்ப நன்றி சார், ப்ரோ. வேலூர் ஆர் வட ஆற்காடுன்னு போட்டதும் ரெண்டு பிடிஎஃப் வந்துச்சு! ஒண்ணு தமிழ், ஆனா ரிசல்ட்ல கீழ காட்டற வரி எல்லாம் கண்டபடி இங்கிலீஷ் எழுத்தா இருக்கு, தொறந்தா மட்டும் தமிழ் ஒழுங்கா தெரியுது. உள்ள ஊர் பேரு தமிழ்ல அடிச்சா இல்லைங்குது. ஏன்?

ஆம்பூர்காரன்
அது பழைய ஃபாண்ட்ல டைப் பண்ணது ண்ணா, வானவில் மாதிரி. கண்ணுக்கு தமிழ், உள்ள இருக்கறது வேற எழுத்து, அதான் தேட முடியல. எந்த மெஷின்லயும் ஒரே மாதிரி வர்ற எழுத்து முறை தான் யூனிகோடு, 2010ல தான் தமிழ்நாடு அரசு அதை ஸ்டாண்டர்டா அறிவிச்சது, அதுக்கப்புறமும் பழைய ஃபாண்ட் ஃபைல் நிறைய வந்துச்சு. அதனால தமிழ் ஃபைலை கண்ணால தான் பக்கம் பக்கமா பாக்கணும், எண்ணால தேடுனா சில சமயம் மாட்டும், சர்வே நம்பர் போட்டுப் பாருங்க. இங்கிலீஷ் பிடிஎஃப்னா தொறந்து உள்ள இருக்கற தேடல்ல ஊர் பேரோட முதல் நாலஞ்சு எழுத்து மட்டும் அடிங்க, மீதி ஸ்பெல்லிங் எப்படி இருந்தாலும் பிடிச்சிடும்.

லிங்க் தொறக்கலன்னா விட்டுடாதீங்க, அட்ரஸை காப்பி பண்ணி, பழைய வெப் பக்கங்களை சேமிச்சு வைக்கற வேபேக் மெஷின்ங்கற சைட்ல போடுங்க, பழைய காப்பி இருந்தா கிடைக்கும்.

கலவை விவசாயி
கிடைச்சிடுச்சு! இங்கிலீஷ் பிடிஎஃப்ல ஆற்காடு தாலுகாவுக்குக் கீழ இருக்குது, ஊர் பேருல கடைசி எழுத்து மட்டும் வேற. ஆயக்கட்டு 40க்கு கீழ தான், அப்ப ஒன்றிய ஆபீஸுக்கும் ஒரு காப்பி குடுக்கணும் போல. நைனா சர்வே நம்பர் கேட்டுக்கினு வர விஏஓ ஆபீஸ் போயிருக்காரு, வந்ததும் அ-பதிவேடு எடுத்து சேத்துடறேன்.