‘மாஸ்டர்பீஸ்’ என்கிறார்கள், எனக்குக் கொட்டாவி வருகிறது. கோளாறு என் காதிலா?

அரைத்தூக்கம்:

ஒரு வருடமாக ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறேன். எந்தப் பட்டியலைத் திறந்தாலும் முதல் நூறுக்குள் வந்து உட்காரும் ஆல்பங்களை, வாரத்துக்கு ஒன்றாக, வரிசை மாற்றாமல், போனை நோண்டாமல் முழுதாகக் கேட்பது. ராக், ஜாஸ், சோல், ஹிப்ஹாப், மெட்டல், மேற்கத்திய செவ்வியல் எதையும் விடவில்லை. ஐம்பது தாண்டிவிட்டது. மனதில் பட்டதை அப்படியே சொல்கிறேன், அடிக்க வருபவர்கள் வரிசையில் வரவும்.

பீட்டில்ஸின் ‘சார்ஜெண்ட் பெப்பர்ஸ்’ (1967). கடைசிப் பாட்டு பிரமாதம், அதில் பேச்சே இல்லை. ஆர்கெஸ்ட்ரா கீழிருந்து ஏறி ஏறி உச்சிக்குப் போய் நின்றதும் ஒரே ஒரு பியானோ அடி விழுந்து, அது நாற்பது விநாடிக்கு மேல் கரைந்துகொண்டே போகிறதே, அதற்காகவே கேட்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பாதி நேரம் சர்க்கஸ் கூடாரத்தில் வழி தவறி நுழைந்த மாதிரி இருக்கிறது. ஹெட்போனில் ஒரு காதில் குரல், மறு காதில் டிரம்ஸ் என்று பிரித்து வைத்திருப்பதில் தலைவலி வேறு. ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’, ‘பென்னி லேன்’ இரண்டும் இதே காலத்தில் பதிவானவைதான், சிங்கிளாக, அதாவது தனி இசைத்தட்டாக விட்டுவிட்டதால் ஆல்பத்தில் சேர்க்கவில்லை. அவை இரண்டும் உள்ளே இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

பிங்க் ஃபிளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (1973): திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. ‘மணி’ ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது, மிஸ்ர சாபு பழகிய கை தானாகவே தொடையில் தட்ட ஆரம்பித்துவிடும், சாக்ஸபோன் வரைக்கும் அதே ஏழுதான், கிட்டார் நுழைந்ததும் சட்டென்று நாலுக்குத் தாவி நம் கையை ஏமாற்றிவிடுகிறது. அப்புறம் பாடகி கிளேர் டோரி சொல்லே இல்லாமல் பாடும் அந்தப் பாட்டு. அன்றைக்கு அவருக்குக் கொடுத்தது 30 பவுண்டு. முப்பது வருடம் கழித்து வழக்குப் போட்டுத்தான் அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவராகத் தன் பெயரைச் சேர்க்க வைத்தார்.

ராப் பாடகர் நாஸின் ‘இல்மேட்டிக்’ (1994): நாற்பது நிமிடம்கூட இல்லை, ஒரு விநாடி வீணில்லை. தெருப்பேச்சுச் சொற்கள் பாதி புரியவில்லை, ஆனாலும் நான்கு தடவை கேட்டேன். இருபது வயதுப் பையன் செய்தது என்பதை நம்ப முடியவில்லை.

நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ (1991): முதல் பாதி நெருப்பு. பிற்பாதியில் அதே அச்சு. முணுமுணு, கத்து, மறுபடி முணுமுணு.

க்ளென் கூல்ட் பியானோவில் வாசித்த பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’: 1955 பதிவு சுமார் 38 நிமிடம், 1981 பதிவு சுமார் 51 நிமிடம். எல்லோரும் பின்னதைத்தான் ஞானம் என்கிறார்கள், எனக்கு அந்த இளம் அவசரம்தான் பிடித்திருக்கிறது. வாசித்துக்கொண்டே கூடவே முனகுகிறார், இரண்டிலும்.

இனி ஒப்புதல் வாக்குமூலம். ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959) கேட்டால் எனக்குத் தூக்கம் வருகிறது. ஐந்து முறை முயன்றுவிட்டேன், ஐந்து முறையும். அழகாக இருக்கிறது என்பது தெரிகிறது, ஆனால் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்று தெரியவில்லை. இது காதுக் கோளாறா, இல்லை ஊரே சொல்கிறது என்று எல்லோரும் தலையாட்டுகிறார்களா?

நாலுகட்டை:

பெயரிலேயே அரைத்தூக்கம் இருக்கிறதே, மைல்ஸ் மேல் ஏன் பழி?

சரி, விளையாட்டு போதும். அதுவரை ஜாஸில் நொடிக்கு நொடி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறும், வாசிப்பவர் அதைத் துரத்திக்கொண்டே ஓட வேண்டும். இந்த ஆல்பத்தில் அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். முதல் டிராக் ‘ஸோ வாட்’டில் பதினாறு பார் (தாளச் சுற்று) ஒரே ஸ்வர வரிசை, அடுத்த எட்டு பார் அதே வரிசை அரை ஸ்வரம் மேலே, கடைசி எட்டு மறுபடி பழைய இடம். அவ்வளவுதான். ஒரே ராகத்தில் அரை மணி நேர ஆலாபனை கேட்கிற ஆளுக்கு இது சிரமமாகவே இருக்கக் கூடாது. நீங்கள் பாட்டு எப்போது மாறும் என்று காத்திருக்கிறீர்கள், அதுதான் தூக்கம் வருகிறது.

ஒன்று செய்து பாருங்கள். ஹெட்போன் போட்டுக்கொண்டு பால் சேம்பர்ஸின் பேஸை (கீழ் ஸ்தாயி தந்தி வாத்தியம்) மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவர்கள் பக்கம் திரும்பாதீர்கள். அந்த மெட்டைச் சொல்வதே பேஸ்தான், மற்ற வாத்தியங்கள் ‘ஆமாம்’ போடுகின்றன. மைல்ஸ் சோலோ தொடங்கும் இடத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் ஒரு அடி வைப்பார் பாருங்கள், கொஞ்சம் பலமாகவே விழுந்துவிடும், அது கரைவதற்குள் மைல்ஸ் இரண்டே ஸ்வரத்தில் உள்ளே வந்திருப்பார். அப்புறம் ஆட்களை ஒப்பிடுங்கள்: மைல்ஸ் கஞ்சன், சாக்ஸபோன்காரர்கள் இருவரில் கோல்ட்ரேன் அள்ளிக் கொட்டுகிறவர், அடர்லி சிரித்துக்கொண்டே வாசிக்கிறவர்.

இன்னொன்று. பதிவு நாளில் ஒரு டேப் மெஷின் மெதுவாக ஓடியது, அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டியதும் இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்கச் சுருதி கொஞ்சம் ஏறியே வெளிவந்தது. 1992இல்தான் சரி செய்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஜாஸ் மாணவர்கள் தட்டோடு சேர்ந்து வாசிக்க முயன்று தங்கள் வாத்தியத்தையே சந்தேகப்பட்டிருப்பார்கள், பாவம்.

மோனோ பித்தன்:

பெப்பர்ஸ் பற்றி ஒரே வார்த்தை: மோனோ.

நீங்கள் கேட்டது ஸ்டீரியோ, ஒலியை இரண்டு காதுக்கும் பிரித்துத் தருவது. மோனோவில் எல்லாம் ஒரே ஒலியாக வரும். அந்தக் காலத்தில் பீட்டில்ஸ் கூடவே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்தது மோனோ மிக்ஸ்தான் (தனித்தனிப் பதிவுகளைக் கலந்து முடிப்பது), ஸ்டீரியோவை அவர்கள் இல்லாமல் பின்னால் சில நாளில் முடித்துவிட்டார்கள். அதனால்தான் குரல் ஒரு பக்கம், டிரம்ஸ் ஒரு பக்கம். ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் வேகமும் சுருதியும் கொஞ்சம் கூட, அழுமூஞ்சித்தனம் குறைந்து கதை நகரும். பழைய மோனோ பிடிக்காவிட்டால் 2017இல் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த புது மிக்ஸைக் கேளுங்கள். பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) கேட்கும்போதும் மோனோவை விட்டுவிடாதீர்கள், அதை உருவாக்கிய பிரையன் வில்சனுக்கு வலது காது அநேகமாகக் கேட்டதில்லை, அவர் மனதில் இருந்ததே ஒற்றை ஒலிதான்.

சர்க்கஸ் வாசனை மட்டும் மோனோவிலும் போகாது. அதற்கு நான் பொறுப்பில்லை.

இரும்புக்காது:

ஐம்பது ஆல்பம் கேட்டதாகச் சொல்கிறீர்கள், மெட்டல் என்று பெயர் மட்டும் போட்டுவிட்டு ஒரு வரிகூட எழுதவில்லை. வழக்கம்தான்.

நானே சொல்கிறேன். மெட்டாலிக்காவின் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ (1988) பாட்டுகள் பயங்கரம், ஆனால் பேஸ் எங்கே? பேஸ் கிட்டார் வாசித்த க்ளிஃப் பர்ட்டன் பேருந்து விபத்தில் இறந்த பிறகு ஜேசன் நியூஸ்டெட் வந்து செய்த முதல் முழு ஆல்பம், அவர் வாசித்ததை மிக்ஸில் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத் தணித்துவிட்டார்கள். ரசிகர்கள் பேஸைத் தூக்கி வைத்துத் தாங்களாகவே மிக்ஸ் செய்து கேட்கிறார்கள் என்றால் பாருங்கள். எனக்கு உயிரான ஆல்பம், இருந்தாலும் ஒலி தகர டப்பாதான்.

கேட்க வேண்டியது பிளாக் சபாத்தின் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ (1971). அவர்களின் கிட்டார்காரர் டோனி அயோமிக்குத் தொழிற்சாலையில் வலது கை விரல் இரண்டின் நுனி போய்விட்டது, அவர் இடது கைக்காரர், கம்பியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு மூடி செய்துகொண்டார். இந்த ஆல்பத்தில் பல பாட்டுக்கு கிட்டாரை மூன்று அரை ஸ்வரம் இறக்கிக் கம்பியைத் தளர்த்தினார். அந்தக் கனமான ஒலியை அப்புறம் வந்த ஒவ்வொரு குழுவும் எடுத்துக்கொண்டது. ‘நெவர்மைண்ட்’ உங்களுக்கு அச்சாகத் தெரிவதும் இப்படி எல்லோரும் அதை நகலெடுத்ததால்தான், நீங்கள் நூறு நகலைக் கேட்டுவிட்டு அசலுக்கு வந்திருக்கிறீர்கள்.

ஒட்டுக்கேட்பவள்:

திரியை முழுதும் படித்தேன். பாராட்டுப் பெற்றவர்களில் பெண் ஒருவர், அவருக்கும் 30 பவுண்டு.

ஜோனி மிட்சலின் ‘ப்ளூ’ (1971) எங்கே? சின்ன வயதில் போலியோ வந்து இடது கை பலவீனமானதால் கிட்டாரைத் தனக்கு வசதியான சுருதிகளில் கட்டிக்கொண்டவர். அதனால்தான் அவர் கார்டுகள் வேறு யார் மாதிரியும் இருப்பதில்லை. ஆனால் எச்சரிக்கை, மனது சரியில்லாத நாளில் கேட்காதீர்கள், நான் கேட்டுவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ (1971) அடுத்து. அவர் குரலே அவரோடு பேசிக்கொள்வது போல இருக்கும். இரண்டு தடவை பாடியதைத் தவறுதலாக ஒன்றாக ஓட்டிவிட, அது பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். ‘இல்மேட்டிக்’ பிடித்ததல்லவா, ‘லைஃப்ஸ் எ பிச்’ முடிவில் வரும் கார்னெட்டை (ட்ரம்பெட் போன்ற வாத்தியம்) வாசித்தது நாஸின் அப்பா. அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் வேறு மாதிரி இருக்கும். இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’ (1986) எந்தப் பட்டியலிலும் இருக்காது, நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். பாக்கை விரும்புகிறவர் அதைக் கேட்காமல் இருப்பது அநியாயம்.

நான் வெறுத்ததையும் சொல்ல வேண்டும்தானே? கேப்டன் பீஃப்ஹார்ட்டின் ‘ட்ரவுட் மாஸ்க் ரெப்ளிகா’ (1969). 28 டிராக், கிட்டத்தட்ட எண்பது நிமிடம். மேதைமை என்கிறார்கள், இருக்கட்டும். துணி மடித்துக்கொண்டே கேட்டேன், துணிதான் ஒழுங்காக மடிந்தது.

அரைத்தூக்கம்:

மோனோ கேட்டேன். தலைவலி போய்விட்டது, ‘ஷீஸ் லீவிங் ஹோம்’ உண்மையிலேயே வேறு பாட்டு. கூடாரம் அப்படியே இருக்கிறது.

நாலுகட்டை, பேஸ் யோசனை வேலை செய்தது. அந்த சிம்பல் அடி வரும் இடத்தை மட்டும் ஆறேழு தடவை திருப்பிப் போட்டேன். ‘ஸோ வாட்’ முழுக்க விழித்திருந்தேன், இரண்டாவது டிராக்கும் தாண்டியது, ‘ப்ளூ இன் க்ரீன்’ வந்ததும் கண் சொருகிவிட்டது. நாளைக்கு அங்கிருந்து தொடர்கிறேன்.

இந்த வாரம் ஜோனி மிட்சல். ‘ட்ரவுட் மாஸ்க்’ அடுத்த வாரத்துக்கு இருந்தது, அதைத் துணி துவைக்கிற நாளுக்குத் தள்ளிவிட்டேன்.

இரும்புக்காது:

சபாத் எப்போது?