ஏப்ரலில் லெஸ்டர் போகிறோம்: எல்கேஜி பையன், மூன்றாம் வகுப்புப் பெண், பள்ளி எப்படிப் பார்ப்பது?

குடியாத்தம்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். மனைவிக்கு இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் நர்ஸ் வேலை உறுதியாகியிருக்கு. அவங்க மார்ச்சில் முதலில் போறாங்க. நானும் பிள்ளைகளும் முழுப் பரீட்சை முடிஞ்சு 2026 ஏப்ரல் கடைசியில் கிளம்புறோம். பொண்ணு பிறந்தது 3.9.2017, இப்போ மூணாவது. பையன் 28.8.2021, எல்கேஜி.

எந்த வகுப்பில் சேர்ப்பாங்க? இங்கிருந்தே விண்ணப்பிக்க முடியுமா? ஆஃப்ஸ்டெட்டில் (அங்கே பள்ளிகளை ஆய்வு பண்ற அரசு அமைப்பு) 'அவுட்ஸ்டாண்டிங்' வாங்கின பள்ளிகளா ஒரு பட்டியல் எடுத்து வெச்சிருக்கோம், அதுக்குப் பக்கத்தில் வீடு பிடிச்சா போதுமா? ரெண்டு பேரும் ஒரே பள்ளியில் இருக்கணும், அதுதான் முக்கியம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலாற்றங்கரை:

முதலில் வகுப்பு. இங்கே எத்தனாவது படித்தார்கள் என்பதை அங்கே பார்க்க மாட்டார்கள், பிறந்த தேதிதான் கணக்கு. செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. உங்கள் பெண் செப்டம்பர் 3 என்பதால் இந்தக் கல்வியாண்டில் இயர் 3, அந்த வகுப்பிலேயே மூத்த பிள்ளைகளில் ஒருத்தி. ஏப்ரலில் போனாலும் ஜூலை வரை இயர் 3 தான், செப்டம்பரில் இயர் 4. பையன் ஆகஸ்ட் 28 என்பதால் ஏறக்குறைய வகுப்பிலேயே கடைக்குட்டி. இப்போது ரிசெப்ஷன் (இயர் 1-க்கு முந்தைய, பள்ளியின் முதல் வகுப்பு), செப்டம்பரில் நேராக இயர் 1. யூகேஜி என்ற படியே அவனுக்கு வராது. இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம். செப்டம்பரில் ரிசெப்ஷன் தொடங்குகிறவர்களுக்குத்தான் ஜனவரி 15 கடைசி நாள், ஏப்ரல் 16 முடிவு என்ற வரிசை. நடுவில் வருகிறவர்களுக்கு 'இன்-இயர்' விண்ணப்பம். பள்ளி எந்தக் கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) எல்லையில் இருக்கிறதோ அந்தக் கவுன்சிலின் தளத்தில் வழிமுறை இருக்கும். சில அகாடமிகளும் (கவுன்சில் கட்டுப்பாட்டில் இல்லாத அரசு நிதிப் பள்ளிகள்) சர்ச் பள்ளிகளும் நேரடியாகத் தாங்களே வாங்குவார்கள். லெஸ்டரில் ஒன்று கவனியுங்கள்: லெஸ்டர் சிட்டி வேறு கவுன்சில், லெஸ்டர்ஷயர் கவுண்டி வேறு. ஓட்பி, விக்ஸ்டன் எல்லாம் நகரத்தோடு ஒட்டியே இருந்தாலும் கவுண்டியில் சேர்ந்தவை. தெரு மாறினால் கவுன்சில் மாறிவிடும்.

பதிலை 10 பள்ளி நாளுக்குள் சொல்ல முயல வேண்டும், 15 பள்ளி நாளைத் தாண்டக் கூடாது என்பது விதி. பள்ளி நாள் என்றால் விடுமுறை சேராது. ஜூன் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் கோடை விடுமுறையில் மாட்டிக்கொண்டு செப்டம்பர் வரை பதில் வராமல் போகலாம்.

இங்கிருந்தே போட முடியுமா என்றால், பல கவுன்சில்கள் பிள்ளை அங்கே வந்து சேர்ந்து, குடியிருக்கும் முகவரிக்கு ஆதாரம் காட்டிய பிறகுதான் விண்ணப்பத்தை எடுக்கும். ஆனால் காலியிடம் எங்கே இருக்கிறது என்று கேட்க எந்தத் தடையும் இல்லை. உங்கள் மனைவி மார்ச்சில் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்: பள்ளி அலுவலகத்துக்கு மின்னஞ்சல், "ரிசெப்ஷனில் எத்தனை இடம், இயர் 3-இல் எத்தனை இடம்" என்று இரண்டே கேள்வி. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்கச் சொல்லுங்கள்.

கட்டணம், நன்கொடை, நுழைவுத் தேர்வு, பெற்றோரை உட்காரவைத்துக் கேள்வி கேட்பது எதுவும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கிடையாது. விசாவில் 'பொது நிதி கிடையாது' என்று இருக்குமே, அரசுப் பள்ளிப் படிப்பு அந்தக் கணக்கில் வராது, பயப்பட வேண்டாம்.

காட்பாடி ஜங்ஷன்:

சார், அந்த 'அவுட்ஸ்டாண்டிங்' பட்டியலை மட்டும் நம்பி வீடு பிடிக்காதீங்க. அரசுப் பள்ளிகளுக்கு ஒரே வார்த்தையில் மதிப்பெண் போடுறதை 2024 செப்டம்பரிலேயே நிறுத்திட்டாங்க. 2025 நவம்பரில் இருந்து ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியா அஞ்சு படி கொண்ட அறிக்கை. அதனால உங்க பட்டியலில் இருக்கிறது எல்லாம் பழைய மதிப்பெண். அறிக்கையைத் திறந்து தேதியைப் பாருங்க. தேர்வு முடிவிலும் ஒரு சிக்கல் உண்டு: 2024, 2025 ரெண்டு வருஷத்துக்கும் பள்ளி பிள்ளைகளை எவ்வளவு முன்னேத்துச்சுங்கிற அளவு வெளியாகல, ஏன்னா கொரோனா காலத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு ஆரம்பத் தேர்வே நடக்கல. வெறும் சதவீதத்தை வெச்சுப் பள்ளியை எடைபோட்டா, வசதியான பேட்டையில் இருக்கிற பள்ளிதான் எப்பவும் மேலே வரும்.

பேர்பெற்ற பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்தாலும், நடு வருஷத்தில் இடம் இல்லைன்னா இல்லைதான். காத்திருப்போர் பட்டியலும் முதலில் வந்தவருக்கு முதலிடம்னு ஓடாது. அக்கா தம்பி அங்கே படிக்கிறாங்களா, வீடு எவ்வளவு தூரம்ங்கிற விதிப்படிதான் வரிசை. நேத்து 4-ஆவதா இருந்தவர் இன்னைக்கு 6-ஆவதா இறங்கலாம்.

நேரில் போய்ப் பார்க்கிறது ரொம்ப முக்கியம். வீட்டில் வேற மொழி பேசுற பிள்ளைகள் எத்தனை பேர், புதுசா வந்த பிள்ளைக்கு முதல் ஆறு வாரம் என்ன ஏற்பாடு, இந்த வருஷம் எத்தனை ஆசிரியர்கள் மாறினாங்கன்னு கேளுங்க. தலைமை ஆசிரியர் தடுமாறாம பதில் சொன்னா அது நல்ல அறிகுறி. பேரில் 'இன்ஃபண்ட்'னு இருந்தா ரிசெப்ஷன்லேர்ந்து இயர் 2 வரைதான், 'ஜூனியர்'னா இயர் 3-லேர்ந்து 6 வரை. அந்த மாதிரிப் பள்ளிகளில் உங்க பிள்ளைங்க ரெண்டு பேரும் ஒரே கட்டடத்தில் இருக்கவே முடியாது. 'பிரைமரி'ன்னு இருக்கிறதை மட்டும் பாருங்க.

இடம் கிடைச்ச பிறகு பள்ளி தர்ற பதிவுப் படிவத்தில் தாய்மொழி தமிழ்னே எழுதுங்க. இங்கிலீஷ்னு போட்டா கௌரவம்னு சிலர் மாத்தி எழுதுறாங்க. தமிழ்னு இருந்தா அந்தப் பிள்ளையை வெச்சுப் பள்ளிக்குக் கூடுதல் நிதி கிடைக்கும், மொழி உதவியும் கேட்டு வாங்கலாம்.

குடியாத்தம்காரன்:

ரொம்ப நன்றி. ஒரே பள்ளியில் ரெண்டு இடமும் இல்லைன்னா யாருக்கு முதலில் பார்க்கணும்? பொண்ணுக்குத்தான் படிப்பு கெடும்னு வீட்டில் சொல்றாங்க. பையனை செப்டம்பர் வரை வீட்டிலேயே வெச்சிருக்கலாமா?

ஆற்காட்டு அக்கா:

தம்பி, பையனுக்கு முதலில் பாருங்கள். காரணம் சட்டத்தில் இருக்கிறது. ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 மூன்றிலும் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது. 30 நிரம்பிவிட்டது என்று மறுத்தால் மேல்முறையீட்டில் ஜெயிப்பது மிகக் கடினம். இயர் 3-க்கு அந்த உச்சவரம்பு இல்லை. அங்கே இன்னொரு பிள்ளை சேர்ந்தால் பள்ளிக்கு வரும் சிரமத்தையும் உங்கள் பிள்ளையின் தேவையையும் மேல்முறையீட்டுக் குழு எடைபோட்டுப் பார்க்கும். தம்பி ஏற்கெனவே அங்கே படித்தால் பெரும்பாலான பள்ளிகளில் காத்திருப்புப் பட்டியலில் அக்காவும் மேலே போவாள். அதனால் பையனுக்கு இடம் உள்ள பள்ளியைப் பிடித்து, பெண்ணுக்கு அதே பள்ளியில் மேல்முறையீடு போடுவதுதான் வழி. மேல்முறையீட்டுக்குக் குறைந்தது 20 பள்ளி நாள் அவகாசம் கொடுப்பார்கள். அதுவரை பெண்ணை வீட்டில் வைக்காமல் கிடைத்த பள்ளியில் சேர்த்துவிடுங்கள், அதனால் மேல்முறையீட்டு உரிமை போகாது.

30 விதிக்கும் விலக்கு உண்டு. நடு வருஷத்தில் ஊர் மாறி வந்த பிள்ளைக்கு நியாயமான தூரத்தில் வேறு எந்தப் பள்ளியிலும் இடம் இல்லையென்றால் 31-ஆவதாகவும் சேர்க்கலாம். இதைக் கவுன்சிலுக்கு எழுத்தில் கேளுங்கள். கொடுக்கும் பள்ளி வெகுதூரமாக இருந்தால் 8 வயதுக்குக் கீழே 2 மைலுக்கு மேல், 8 வயதிலிருந்து 3 மைலுக்கு மேல் என்றால் இலவசப் போக்குவரத்து கேட்கலாம். அதற்கு அதுதான் இடம் கிடைக்கக்கூடிய மிக அருகிலுள்ள பொருத்தமான பள்ளியாக இருக்க வேண்டும்.

பையனுக்குக் கட்டாயப் பள்ளி வயது 2026 செப்டம்பரில்தான் வருகிறது, எனவே வீட்டில் வைத்தால் சட்டப்படி குற்றமில்லை. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பிறந்தவர்களுக்கு ஒரு வருடம் தள்ளி ரிசெப்ஷனிலேயே தொடங்கக் கேட்கும் வழியும் உண்டு. ஆனால் அது அனுமதியின் பேரில்தான், உறுதி கிடையாது. என் கருத்து, மே முதல் ஜூலை வரையாவது ரிசெப்ஷனில் உட்காரட்டும். பாதி நேரம் விளையாட்டுதான், அந்த நாட்களில் காது பழகிவிடும். விட்டுவிட்டு நேரே இயர் 1 போனால் அந்த வருட ஜூனில் 40 சொற்களை ஒலி கூட்டி வாசிக்கும் சோதனை வரும். நம்ம எல்கேஜியில் ஏ, பி, சி என்று எழுத்தின் பெயரைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள், அங்கே ஒலியில் தொடங்குவார்கள். எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆறு எழுத்தின் ஒலியை இப்போதே பழக்கினால் 'சிட்', 'பின்', 'டேப்' வாசித்துவிடுவான். பெண்ணுக்கு இயர் 4 ஜூனில் வாய்ப்பாட்டுச் சோதனை. 12-ஆம் வாய்ப்பாடு வரை 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 நொடி, கணினியில் தட்ட வேண்டும். வாய்ப்பாடு தெரிந்தும் விசைப்பலகை பழகாததால் நேரம் போய்விடக் கூடாது.

சாப்பாடு இயர் 2 வரை எல்லாருக்கும் இலவசம், பெண்ணுக்குக் காசு கட்டணும் அல்லது டப்பா. பல பள்ளிகளில் கொட்டை வகை தடை, வேர்க்கடலைச் சட்னி தடவின இட்லியைக்கூடத் திருப்பி அனுப்புவார்கள்.

பொங்கல் சமயம் அங்கே பள்ளி நடக்கும், ஊருக்கு வருவதைப் பள்ளி விடுமுறையில் மட்டும் வையுங்கள். அனுமதியில்லாமல் 5 நாள் எடுத்தால் அபராதம், ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு, 21 நாளில் கட்டாவிட்டால் 160. உங்கள் வீட்டுக் கணக்கு 320-இல் தொடங்கும்.

டிசி அங்கே யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் திரும்பி வந்தால் இங்கே கேட்பார்கள், வாங்கி வையுங்கள். கையில் வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ் அசல், பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம் அல்லது கவுன்சில் வரி ரசீது. தடுப்பூசி அட்டை சேர்க்கைக்கு அல்ல, அங்குள்ள மருத்துவரிடம் பதிவதற்கு. சர்ச் பள்ளி எண்ணம் இருந்தால் ஞானஸ்நானச் சான்றும் உங்கள் ஆயரிடமிருந்து ஆராதனைக்குத் தவறாமல் வந்ததைச் சொல்லும் ஆங்கிலக் கடிதமும் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். அந்தப் பள்ளிகளுக்குத் தனியாக ஒரு துணைப் படிவம் உண்டு. அதை நிரப்பாமல் கவுன்சில் படிவம் மட்டும் போட்டால் சபை முன்னுரிமை கிடைக்காது.