89 கோடி ஆண்டுப் பாறையில் கடற்பஞ்சா?

கோட்டையூரான்:
பழம்பாறையில் தெரியும் நுண்குழாய் வலை கடற்பஞ்சு என்ற கடல்விலங்கின் எச்சமாக இருக்கலாம் என்று 2021-இல் நேச்சர் இதழில் புவியியலாளர் எலிசபெத் டர்னர் எழுதினார். அதைக் கடற்பஞ்சுக்கான சான்றாகவே ஏற்கலாம் என்பது என் கட்சி. இடம் வடமேற்குக் கனடாவின் லிட்டில் டால் சுண்ணாம்புத் திட்டுகள்; வயது 89 கோடி ஆண்டு. திட்டைக் கட்டியவை சயனோபாக்டீரியா, அதாவது ஒளியைக் கொண்டு உணவு செய்யும் நுண்ணுயிர்கள். அதன் பள்ளங்களிலும் பொந்துகளிலும் 20 முதல் 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகல நுண்குழாய்கள் பிரிந்து, மறுபடி சேர்ந்து, பலகோண வலையாக ஓடுகின்றன. சயனோபாக்டீரியா இழை கிளைக்கும். கிளைகள் திரும்பக் கூடி இப்படி வலை பின்னுவதில்லை. குளிக்கத் தேய்க்கும் கடற்பஞ்சின் நார்க்கூடு இதே பின்னல்தான். வெளிச்சம் குறைந்த பொந்தில் ஒளியை நம்பி வாழும் உயிருக்கு என்ன வேலை?

வள்ளி, தேவகோட்டை:
அண்ணே, உருவ ஒற்றுமையை மட்டும் வைத்து விலங்கு என்று சொல்லிவிட முடியாது. பூஞ்சை இழைகளும் ஒன்றோடொன்று கூடி வலையாகும். சேறு கட்டிகட்டியாக உறைந்து, இடைவெளியில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமப் படிகம் வளர்ந்தாலும் குழாய் போலத் தெரியும். கடற்பஞ்சின் உடலைத் தாங்கும் நுண்முள்கள், சந்தேகத்துக்கு இடமில்லாதவை, ஏறக்குறைய 35 கோடி ஆண்டு கழித்துத்தான் கிடைக்கின்றன. "நார்ப்பஞ்சுக்கு முள்ளே கிடையாது" என்பீர்கள். சரி, அப்படியானால் இந்தக் கருத்தைத் தவறென்று காட்ட எதைத் தேடுவது? ஆக்சிஜனும் அப்போது குறைவு. மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்கா குகையில் டிக்கின்சோனியா என்ற தொல்லுயிரின் எச்சம் என்று 2021-இல் அறிவித்தது, 2023-க்குள் தேன்கூட்டின் எச்சம் என்று முடிந்ததே!

கோட்டையூரான்:
ஆச்சி, பீம்பேட்காவில் இருந்தது குகைச் சுவரின் மேல் ஒட்டிய கறை. இது பாறைக்குள்ளேயே கிடக்கிறது. ஆக்சிஜன் வாதமும் நிற்காது. இன்றைய காற்றில் உள்ளதில் 0.5 முதல் 4 சதவீதம் வரை இருந்தாலே ஹாலிகாண்ட்ரியா என்ற கடற்பஞ்சு பிழைக்கிறது என்று 2014-இல் காட்டிவிட்டார்கள். பூஞ்சை பற்றிச் சொன்னதற்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை.

செம்புறாங்கல்:
இரண்டு பேரும் நுண்ணோக்கியில் பார்க்க மெல்லியதாகத் தேய்த்த கல் சீவலைப் பார்த்துத்தான் பேசுகிறீர்கள், வம்பே அதில்தான். நுண்சீவலின் வழக்கமான தடிமன் 30 மைக்ரான். குழாயோ 20 மைக்ரான். ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கே போகும் இரண்டு குழாய்கள், சேர்ந்தது போலவே தெரியும்! உருப்பெருக்கத்தைக் கூட்டிக் குவியத்தை மேலும் கீழும் நகர்த்துங்கள். உண்மையான சந்திப்பு ஒரே குவியத்தில் நிற்கும். போலிச் சந்திப்பில் ஒரு குழாய் தெளியும்போது மற்றது மங்கும்.

முப்பரிமாணம் வேண்டுமென்றால் எக்ஸ்ரே சிடி உதவாது. குழாய்க்குள்ளும் கால்சைட், வெளியிலும் கால்சைட், அடர்த்தி ஒன்றே. தேய்த்துத் தேய்த்துப் படம் எடுப்பதுதான் வழி. கல்லில் செங்குத்தாக இரண்டு துளை போட்டுக்கொள்ளுங்கள், படங்களை அடுக்க அதுதான் அடையாளம். 1000 எண் சிலிக்கன் கார்பைடு தூளில் ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 மைக்ரான் தேயுங்கள். 1 மில்லிமீட்டர் ஆழத்துக்கு 10 மைக்ரான் வீதம் 100 படம். கல் சற்றுச் சாய்ந்தாலும் வலை கோணலாகும்; நான்கு மூலையிலும் தடிமன் அளந்தபின் அடுத்த முறை.

வள்ளி, தேவகோட்டை:
நம் பக்கத்துக் கல்லில் பழகிப் பார்க்க முடியுமா தம்பி?

செம்புறாங்கல்:
காரைக்குடியைச் சுற்றி மேலே பெரும்பாலும் செம்புறாங்கல்தான், இந்த வகை எச்சம் கிடைக்காது. அடுக்களை மேடைக் கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல். எலுமிச்சைச் சாறு பட்ட இடம் வெளுப்பது அதனால்தான். தேய்த்துப் பழக அதன் உடைந்த துண்டு போதும். நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காகக் கட்டிய ஸ்ட்ரோமடோலைட் அடுக்குகளைக் காண ஆந்திராவின் கடப்பா வடிநிலத்து வேம்பள்ளி டாலமைட்டுக்கு, அதாவது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறைக்குப் போக வேண்டும். டாலமைட் நீர்த்த அமிலத்தில் லேசில் பொங்காது. பொடித்து, அதன் மேல் அமிலம் விட்டுப் பாருங்கள்.

வள்ளி, தேவகோட்டை:
அப்படியானால் நான் இங்கே நிற்கிறேன் அண்ணே: 100 படத்திலும் குழாயின் அகலம் மாறாமல், சந்திப்புகள் ஒரே படிகமாகத் தொடர்ந்தால் சேற்றுக்கட்டி என்ற வாதத்தை விட்டுவிடுகிறேன். பூஞ்சையை விடமாட்டேன்.