பொருள்: மறு: 'விலக்கு விதி' வேண்டாம், 'சான்று விலக்கம்' என்போம்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். சட்டத்தை மீறிக் கைப்பற்றிய சான்றை அமெரிக்க நீதிமன்றம் ஏற்காது என்னும் விதிக்கு 'விலக்கு விதி' என்ற பெயர் நேற்று இங்கே முன்மொழியப்பட்டது. எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டால் 'விதிவிலக்கு' ஆகிவிடும். இந்த விதிக்கே விதிவிலக்குகள் உண்டு. செல்லும் என்று நம்பிக் காவலர்கள் நல்லெண்ணத்தோடு பயன்படுத்திய சோதனை ஆணை பிறகு செல்லாது என்று தெரியவந்தாலும் கிடைத்த சான்றை ஏற்கலாம் என்பது ஒன்று. எப்படியும் கண்டெடுக்கப்பட்டிருக்கும் பொருளை ஏற்கலாம் என்பது இன்னொன்று. இரண்டையும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1984இல் ஏற்றது. 'விலக்கு விதியின் விதிவிலக்கு' என்று எழுதினால் வாசகர் அந்த வரியிலேயே தடுக்கி விழுவார்.

'செல்லாச் சான்று' என்பதும் பொருந்தாது. செல்லாத நோட்டு என்றால் நோட்டில்தான் குறை. இங்கே குறை சான்றில் இல்லை, அதை எடுத்த கையில் இருக்கிறது. டால்ரி மேப் என்ற பெண்ணின் வழக்கைப் பாருங்கள். 1957 மே மாதம், கிளீவ்லாந்து நகரம். வெடிகுண்டு வழக்கில் தேடப்பட்ட ஒருவர் உள்ளே ஒளிந்திருப்பதாகச் சொல்லிக் காவலர்கள் மேப்பின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அவர் வழக்கறிஞரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு, சோதனை ஆணை இல்லாமல் விடமாட்டேன் என்கிறார். சுமார் மூன்று மணி நேரம் கழித்து இன்னும் பலரோடு வந்து கதவை உடைக்கிறார்கள். ஆணை எங்கே என்று அவர் கேட்க, ஒருவர் ஒரு தாளை உயர்த்திக் காட்டுகிறார். மேப் அதைப் பறித்துத் தன் மார்புச் சட்டைக்குள் செருகிக்கொள்கிறார். காவலர்கள் போராடி அதை மீட்டு, அவருக்குக் கைவிலங்கு பூட்டுகிறார்கள். ஆபாசமானவை என்று சொல்லிச் சில புத்தகங்களும் படங்களும் கிடைக்கின்றன. அதற்காக அவருக்குச் சிறைத் தண்டனை. அந்தத் தாளோ விசாரணையில் காட்டப்படவே இல்லை. 1961இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தண்டனையை நீக்கியது. 1914 முதல் மத்திய அரசு வழக்குகளுக்கு மட்டும் இருந்த விதி அன்று மாநில நீதிமன்றங்களுக்கும் வந்தது.

அந்தப் புத்தகங்கள் பொய்யல்ல, வீட்டில் இருந்தவைதான். நம் வாசகருக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது. ஏனென்றால் இந்தியாவில் முறையற்ற சோதனையில் கிடைத்தது என்பதற்காக மட்டும் சான்று தள்ளப்படுவதில்லை. பூரண் மல் வழக்கில் 1973இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். இதற்கு நம் நீதிமன்றத் தமிழில் சொல் பிறக்காததற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே 'சான்று விலக்கம்'. சமூக விலக்கம் என்று ஏற்கெனவே எழுதுகிறோம். உள்ளே வரக்கூடியதை வெளியே நிறுத்துவது என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது.

—

ஐயா, வணக்கம்.

'சான்று மறுப்பு' என்று எழுத இருந்தேன். எதிர்த்தரப்பு சான்றைப் பொய் என்று வாதிடுவதாகவே அதைப் படிப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. 'சான்று விலக்கம்' எனக்கும் சம்மதம்.

இதனோடு சேர்ந்த இன்னொரு சொல். 1920இல் அமெரிக்காவில் ஒரு மரக் கம்பெனி வழக்கு. அதிகாரிகள் முறையின்றி அள்ளிச் சென்ற தாள்களைத் திருப்பித் தர நேர்ந்தது. ஆனால் அவற்றைப் படம் எடுத்துவைத்து, அதில் அறிந்ததைக் கொண்டு அதே தாள்களை மறுபடி கேட்டார்கள். அதுவும் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 1939இல் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர், இப்படி முறையின்றி எடுத்ததன் வழியே கிடைத்த சான்றுக்கு நஞ்சுள்ள மரத்தின் கனி என்ற உருவகத்தைத் தந்தார். நாம் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. 'நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று' என்று குறள் 1008 சொல்லிவிட்டது. 'எட்டிக்கனி' சுருக்கமாக இருந்தாலும் அது ஒரு மரத்தின் பெயராகிவிடும். 'நச்சுமரக் கனி' போதும்.

தீர்ப்பை மொழிபெயர்க்கும்போது உருவகம் இல்லாத சொல்லும் தேவைப்படும். முதல்நூலிலிருந்து வருவது வழிநூல். அதே முறையில், விலக்கப்பட்ட சான்றின் வழியே கிடைத்தது 'வழிச்சான்று'. ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "சோதனை ஆணை இல்லாமல் எடுத்த கடிதம் சான்று விலக்கத்துக்கு உட்பட்டது, அக்கடிதத்தைக் கொண்டு கண்டெடுத்த துப்பாக்கி வழிச்சான்று என்பதால் அதுவும் விலக்கப்படுகிறது." எனக்கு எங்கும் இடறவில்லை. நீங்களும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள்.