அப்பாவுக்கு ட்ரைகிளிசரைடு குறையவில்லை: உணவில் எதை மாற்றுவது?

கேள்வி:
வணக்கம். திண்டுக்கல்லில் மளிகைக் கடை நடத்தும் என் அப்பாவுக்கு வயது 58. மூன்று மாதங்களுக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு (இரத்தத்தில் உள்ள ஒருவகைக் கொழுப்பு) 290, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால் என்பார்கள்) 138 என்று வந்தது. எண்ணெய், முட்டை, ஆட்டுக்கறி மூன்றும் கூடாது என்று அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மூன்றையும் அறவே விட்டுவிட்டார். சென்ற வாரம் பார்த்தபோது எல்.டி.எல். 126 ஆகக் குறைந்திருக்க, ட்ரைகிளிசரைடு 340 ஆக ஏறியிருக்கிறது. அவர் மனம் உடைந்துபோயிருக்கிறார். எங்கே தவறினோம்?

மறுமொழி 1 (உணவியல் ஆலோசகர்):
உங்கள் அப்பாவின் மீது தவறில்லை. அவர் எதைச் சாப்பிடுகிறார் என்று கேட்காமலேயே தாளை நீட்டியதுதான் தவறு. முட்டையையும் கறியையும் விட்ட இடத்தை எது நிரப்பியது? தேநீர், நொறுக்குத்தீனி உட்பட ஒரு நாள் உணவை அப்படியே எழுதுங்கள். மது உண்டா என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மது இல்லை. காலையில் ஆறு இட்லி, மதியம் மூன்று முறை வாங்கிச் சாப்பிடும் அளவுக்குச் சோறு, ரசம், அப்பளம். கடையில் ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை, கூடவே பிஸ்கட். அம்மா இப்போது வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடுகிறார்.

மறுமொழி 1 (தொடர்ச்சி):
விடை இதிலேயே இருக்கிறது. தேநீரில் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் சர்க்கரை சேர்கிறது. இந்த விஷயத்தில் கருப்பட்டியும் சர்க்கரைதான். உடலின் தேவைக்கு மிஞ்சிய மாவுச்சத்தையும் இனிப்பையும் கல்லீரல் ட்ரைகிளிசரைடாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. ஆகவே எல்.டி.எல்.லுக்காகக் கறியைக் குறைத்தது பலன் தந்தபோதும், பசியைச் சோற்றால் ஆற்றியது மற்றொன்றை ஏற்றிவிட்டது.

தேநீரை இரண்டாகக் குறைத்து, ஒவ்வொரு தேநீரிலும் போடும் சர்க்கரையை வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வாருங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் பத்து நாளில் பழையபடி ஆகிவிடும் என்பதை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். சோற்றை ஒரே முறை பரிமாறி, தட்டில் பாதியைக் கீரையும் காயும் நிரப்பட்டும். பிஸ்கட்டுக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுங்கள். வாரம் இருமுறை மத்தி மீன் குழம்பு நல்லது, வறுவலாக வேண்டாம். எண்ணெயை அறவே விட வேண்டியதில்லை. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ போதும், வனஸ்பதியைத் தவிருங்கள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஆலோசனைக்குச் செல்லுங்கள், ஏனெனில் அடுப்படியில் நிற்பவர் அறியாத அறிவுரை வீட்டுக்குள் நுழையாது.

இரத்தச் சர்க்கரையையும் தைராய்டையும் மருத்துவரிடம் சொல்லிப் பார்த்துவிடுங்கள். அவை சீராக இல்லாவிட்டாலும் ட்ரைகிளிசரைடு ஏறும். 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு, அப்போது உணவை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது.

மறுமொழி 2 (ஆய்வக நுட்புநர்):
அடுத்த பரிசோதனைக்கு முன் 10 முதல் 12 மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். முதல் நாள் கல்யாண விருந்து இருந்தால் தேதியைத் தள்ளிவையுங்கள். பல ஆய்வகங்களில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை, மற்ற எண்களிலிருந்து கணக்கிடப்படுகிறது. ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் வழக்கமான அந்தக் கணக்கு சரிவராது என்பதால், நேரடியாக அளந்து தரும்படி கேளுங்கள்.